கருப்பு டூர்மலின்: பார்த்து வாங்குவதும் பத்திரமாக வைப்பதும்

ஊட்டி, குன்னூர் பக்கம் சுற்றுலாக் கடைகளில் கருப்பு டூர்மலின் கேட்டால் முதலில் எடுத்து நீட்டுவது உருட்டி மெருகேற்றிய மணி, பிரேஸ்லெட், குட்டிப் பிரமிடு, இப்படித்தான். கண் திருஷ்டிக்கு நல்லது என்று கூடவே ஒரு வரியும் வரும். நம்பிக்கை இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளட்டும், எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கனிமம் சேகரிக்கிறவருக்கு மெருகேற்றிய கல்லால் பிரயோஜனமே கிடையாது. இது இன்ன கல் என்று காட்டிக்கொடுக்கிற அடையாளமெல்லாம் அதன் மேற்பரப்பில்தான் இருக்கிறது, மெருகு போடும்போது முதலில் போவதும் அதுதான்.

இன்னொரு பேச்சும் காதில் விழும்: "இது நம்ம நீலகிரியிலேயே எடுத்தது சார்." இதைக் கேட்டதும் கொஞ்சம் உஷாராகிவிடுங்கள். நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை (கல்கத்தாவில் இருக்கும் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை, பாறைக்குப் பெயர் வந்ததே அப்படித்தான்). டூர்மலின் வளர போரான் என்ற தனிமம் வேண்டும். கிரானைட் குழம்பு ஆறும்போது கடைசியில் மிஞ்சும் நீரும் போரானும் சேர்ந்த சாறு பெக்மடைட் (பெரிய பெரிய படிகங்கள் கொண்ட பாறை) நரம்புகளாக உறைகிற இடம்தான் அதற்குத் தோது. பூமிக்குள் ஆழத்தில், கடும் சூட்டில் உருவான சார்னோக்கைட்டில் போரான் அவ்வளவாகத் தங்குவதில்லை. அதனால் மலைச்சாலை ஓரம் வெட்டிய பாறையில் பளபளக்கும் கருப்பு அநேகமாகப் பைராக்சீன், ஹார்ன்பிளெண்ட் என்ற வேறு கருங்கனிமங்களாகத்தான் இருக்கும். காப்புக்காட்டுக்குள் போய்க் கல் பெயர்ப்பது வனச் சட்டப்படி குற்றமும்கூட, அந்த வேலையே வேண்டாம்.

சேகரிப்பாளர்கள் தேடுகிற கருப்பு டூர்மலினுக்குக் கனிமப் பெயர் ஷோர்ல். நம் நாட்டில் ஜார்க்கண்டின் கோடர்மா, ஆந்திராவின் நெல்லூர் என்று காக்காப்பொன் வெட்டுகிற பகுதிகளில் கிடைக்கிறது. வெளிநாட்டில் நமீபியாவின் எரோங்கோ மலை, பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ், பாகிஸ்தானின் கில்கித் பக்கம் எல்லாம் பேர் போனவை. எந்த ஊர்க் கல் என்று விற்கிறவரால் சொல்ல முடியவில்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், தப்பே இல்லை.

சரி, கையில் வாங்கியதும் என்ன பார்ப்பது? முதலில் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடியுங்கள். நீளவாக்கில் மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓட வேண்டும். அப்புறம் ஒரு முனையிலிருந்து நேராகப் பாருங்கள்: முக்கோணம் தெரியும், ஆனால் மூன்று பக்கமும் வெளியே புடைத்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் முக்கால்வாசி சந்தேகம் தீர்ந்தது. ஹார்ன்பிளெண்ட் உடைந்தால் தட்டையான பளபளப்பான முகங்களாக, ஒன்றுக்கொன்று சாய்வாக, படி படியாக உடையும். ஷோர்லுக்கு அப்படிப் பிளவுத் தளம் இல்லை, நிலக்கரித் துண்டு மாதிரி ஒழுங்கில்லாமல் உடையும். கடினம் மோஸ் அளவுகோலில் (1 முதல் 10 வரை) 7 முதல் 7.5 வரை, கண்ணாடியைத் தாராளமாகக் கீறும், ஆனால் கீறிப் பார்ப்பதை அடிப்பக்கத்து உடைந்த மூலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல முனையைக் கொண்டுபோய் ஜன்னல் கண்ணாடியில் தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

தாய்ப்பாறை ஒட்டாத தனிப் படிகமாக இருந்தால் அடர்த்தியும் பார்த்துவிடலாம். சமையலறைத் தராசு போதும். கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தராசில் தண்ணீர் நிரப்பிய டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல், முழுசாக முங்கும்படி பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. 96 கிராம் கல்லுக்கு 30 காட்டினால் 3.2, ஷோர்ல் 3.1 முதல் 3.3 வரை வரும். கருப்புக் கண்ணாடியும் எரிமலைக் கண்ணாடியும் பெரும்பாலும் 2.5ஐ ஒட்டியே நிற்கும், அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஹார்ன்பிளெண்ட் மட்டும் இதே அளவில் வந்து குழப்பும், அதற்குத்தான் முதலில் கோட்டையும் முக்கோணத்தையும் பார்க்கச் சொன்னது.

தரம் என்று வந்தால் என் கணக்கில் முதலிடம் முனைக்குத்தான். ஒரு முனையாவது இயற்கையாக முடிந்திருக்க வேண்டும், அறுத்துத் தட்டையாக்கியதோ உடைந்ததோ கூடாது. ஒரு பெரிய மொட்டைத் துண்டை விட, வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தின் மேல் நிற்கிற விரல் அளவுப் படிகம் எவ்வளவோ மேல். ஆனால் அங்கேதான் பசையும் வரும். ஷோர்ல் குறுக்கே சுலபமாக முறியும், முறிந்ததை ஒட்டுவார்கள், சில சமயம் எங்கேயோ கிடைத்த படிகத்தை வேறெதோ பாறையில் நட்டே விற்பார்கள். படிகம் பாறையைத் தொடுகிற இடத்தைப் பத்து மடங்கு லென்ஸில் சுற்றிப் பாருங்கள். ரூபாய் நோட்டுப் பார்க்கிற புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் பல பசைகள் நீலவெள்ளையாக மின்னும். ஒட்டியதை ஒட்டியதென்று சொல்லி விற்றால் வாங்கலாம், மறைத்தால் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கியதா என்று டிஷ்யூ காகிதத்தில் அழுத்தினால் தெரிந்துவிடும்.

கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய மெல்லிய டூத் பிரஷ் போதும். கொதிநீர் கூடாது, உள்ளே இருக்கிற விரிசல் பெரிதாகும். நகைக்கடை அல்ட்ராசோனிக் தொட்டியும் அதே காரணத்துக்காக வேண்டாம். துருக்கறை பிடிவாதமாக இருந்தால் நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தில், பிளாஸ்டிக் பாத்திரத்தில், கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் ஊறவைக்கலாம். அது விஷம், சமையலறைப் பக்கம் கொண்டுவராதீர்கள். கல்லில் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) ஒட்டியிருந்தால் அமிலமே வேண்டாம், அது கரைந்துவிடும்.

மலை ஈரம் ஷோர்லை ஒன்றும் செய்யாது. பூஞ்சை பிடிப்பது அட்டைப் பெட்டியும், எந்த ஊர்க் கல் என்று எழுதி வைக்கிற சீட்டும்தான், ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் வீட்டு அலமாரியைத் திறந்தாலே தெரியும். சீட்டைப் பென்சிலால் எழுதி ஜிப் கவரில் போடுங்கள். கல்லின் அடியில் பொட்டளவு வெள்ளைப் பெயின்ட், அதன் மேல் எண், அதற்கு மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ். சீட்டு போனால் எரோங்கோவும் கோடர்மாவும் ஒன்றுதான்.

அலமாரியில் வைக்கும்போது பின்னால் வெள்ளைத் துணி வேண்டாம், கல் வெறும் நிழலாகத் தெரியும். சாம்பல் நிறம் போட்டு விளக்கைப் பக்கத்தில் வையுங்கள், கோடுகள் எழும்பும். அதிகம் சூடேறாத எல்.ஈ.டியே நல்லது. டூர்மலின் சூடேறினால் முனைகளில் மின்னூட்டம் ஏறித் தூசியை இழுக்கும். 1700களில் இலங்கையிலிருந்து இதைக் கொண்டுபோன டச்சுக்காரர்கள், சூடாக்கிய கல்லால் புகைக்குழாய்ச் சாம்பலை இழுத்தெடுத்தார்கள் என்று சொல்வதுண்டு.

கீழே கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ கூரியரில் அனுப்புவதானால் பஞ்சை நேராகச் சுற்றாதீர்கள், இழை கோடுகளில் போய்ச் சிக்கும். டிஷ்யூவில் நாலு சுற்று, அதற்கு மேல் பபுள் ராப், குலுக்கினால் அசையாத பெட்டி. முனை பெட்டியின் சுவரைத் தொடாமல் நடுவில் வரட்டும்.