கிளென்கோவில் இறங்கும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்காட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கில் ஆனக் ஈகக் முகடு ஏறப் போகிறீர்களா? கிழக்கே ஏ82 சாலையோரம் வண்டியை நிறுத்தி, முகட்டின் கிழக்குக் கோடியில் உள்ள ஆம் போடக் உச்சி வழியாக ஏறி மேற்கே நடப்பதுதான் நல்லது, ஏனென்றால் அந்தப் பக்கம் சாலையே கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் ஏற்றம் குறைவு. முகட்டின் நடுவில் இருபுறமும் பத்திரமாக இறங்க வழி கிடையாது, கீழே சாலை பக்கத்தில் தெரிகிறதே என்று ஆசைப்பட்டுக் குறுக்கே இறங்கிவிடாதீர்கள். மியால் டெர்க் உச்சியைத் தாண்டியதும் வரும் கூர்ப்பாறைகளில் கையும் காலும் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும், மழை பெய்து பாறை நனைந்திருந்தால் வழுக்கும், அன்றைக்குப் பேசாமல் வேறு மலைக்குப் போங்கள். அப்புறம் முகட்டின் மேற்குக் கோடியில் உள்ள 967 மீட்டர் உச்சியிலிருந்து கிளாச்சைக் ஓடை இடுக்கை ஒட்டிய குறுக்குப்பாதை வேண்டவே வேண்டாம்; தளர்ந்த கல், உயிர்ப்பலியும் நடந்திருக்கிறது. நேரமானாலும் பேப் ஆஃப் கிளென்கோ என்ற மலைக்குப் பக்கத்துக் கணவாய் வரை நடந்தே இறங்குங்கள்.