நீலகிரியில் காய்ச்சல் பரவலை அன்றன்றே கணிக்கும் முறை

குன்னூரிலோ கூடலூரிலோ இன்ஃபுளுவென்சா பரவும்போது அடுத்த வாரம் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வரும் என்று கணிக்க முற்படுபவர், நோயாளிகளைப் பதிவான தேதிப்படி அல்லாமல், காய்ச்சல் தொடங்கிய தேதிப்படி அடுக்க வேண்டும். எஸ்டேட் லயனில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) காய்ச்சலோடு படுத்தவர் ஓரிரு நாள் கழித்தே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். மண்சரிவால் பாதை அடைபட்டால் இன்னும் தாமதமாகும். ஆகவே பட்டியலின் கடைசி நாட்கள் எப்போதும் குறைவாகவே தோன்றும். அந்தச் சரிவைக் கண்டு நோய் தணிகிறது என்று அறிவிப்பதைப் போல் ஆபத்தான பிழை இந்த வேலையில் வேறில்லை.

இதைச் சரிசெய்ய, நாள்தோறும் மாலையில் பட்டியலைத் தேதியிட்ட தனிப்படியாகச் சேமியுங்கள். பழைய படியின்மேல் எழுதக் கூடாது. சில வாரப் படிகளை ஒப்பிட்டால், ஒரே நாளில் காய்ச்சல் கண்டவர்களில் எத்தனை விழுக்காட்டினர் எத்தனை நாளுக்குள் பதிவாகின்றனர் என்பது புலப்படும். இரண்டு நாளுக்குள் 60 விழுக்காட்டினர் பதிவாகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நேற்று முன்தினம் காய்ச்சல் தொடங்கியதாக இன்றுவரை பதிவான 12 பேரை 0.6 ஆல் வகுத்து, 20 என்று கொள்ள வேண்டும். நேற்றும் இன்றும் காய்ச்சல் தொடங்கியவர்களில் இதுவரை பதிவானவர்கள் மிகச் சிறு பங்கே என்பதால் அந்த இரு நாட்களையும் விட்டுவிடுவதே நல்லது.

திருத்திய வார எண்ணிக்கை 80இலிருந்து 120 ஆகியிருந்தால் பெருக்கம் 1.5 மடங்கு. இதே வேகம் நீடித்தால் அடுத்த வாரம் 180. இன்ஃபுளுவென்சாவில் ஒருவருக்கு அறிகுறி தோன்றியதற்கும், அவரிடமிருந்து தொற்றியவருக்குத் தோன்றுவதற்கும் இடையே ஏறத்தாழ 3 நாள் ஆவதால், வாரத்துக்கு இரண்டுக்குச் சற்று அதிகமான தொற்றுச் சுற்றுகள் நடக்கின்றன; 1.5 மடங்கை அவற்றுக்குப் பிரித்தால், ஒரு நோயாளி சராசரியாக 1.2 பேருக்குத் தொற்றவைக்கிறார் என்றாகும். 180 என்று ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், முந்தைய கணிப்புகள் எவ்வளவு பிசகின என்பதைப் பார்த்து, அதற்கேற்ற மேல்வரம்பும் கீழ்வரம்பும் தர வேண்டும். படுக்கையும் மருந்தும் ஒதுக்குபவருக்குத் தேவைப்படுவது மேல்வரம்புதான். இரண்டு வாரத்துக்கு அப்பால் கணிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

மே மாத சீசனில் கூடுதல் கவனம் வேண்டும். ஊட்டியில் தொற்று பெற்ற சுற்றுலாப் பயணி கோவைக்கோ பெங்களூருக்கோ திரும்பிய பிறகே காய்ச்சலில் விழுவதால், அவர் மாவட்டப் பட்டியலில் இடம்பெறமாட்டார். அந்த வாரங்களில் உள்ளூர்வாசிகளை மட்டும் தனியே எண்ணிக் கணிப்பது நம்பகமானது.

ஒவ்வொரு வாரமும் உங்கள் கணிப்பை, ‘அடுத்த வாரமும் இந்த வாரம் போலவே இருக்கும்’ என்ற எளிய ஊகத்தோடு வைத்து மதிப்பிடுங்கள். அந்த ஊகமே தொடர்ந்து உண்மைக்கு நெருக்கமாக வந்தால், சூத்திரத்தை மாற்றுமுன் தாமத விழுக்காட்டை மறுபடி கணக்கிடுங்கள்.