பொருளைப் பார்த்த பிறகே கியூஆர் கோடைக் காட்டுங்கள்

ஆன்லைனில் பேசி முடித்த பொருளை நேரில் போய் எடுத்தால், கூரியரில் வரும் பொருளுக்கு உள்ள பாதுகாப்பு (பொருளில் சிக்கல் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கும் வசதி) அப்படியே கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் நேரில் கைமாறும் பொருளுக்கு அவர்களின் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது. ஈபே என்ற விற்பனைத் தளத்தில் பொருந்தும், ஆனால் பணத்தை அந்தத் தளத்தின் வழியாகவே கட்டியிருக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் போச்சு.

தளத்தின் வழியாகக் கட்டினால் ஈபே உங்களுக்கு ஒரு கியூஆர் கோடும் 6 இலக்க எண்ணும் தரும். விற்பவர் அதைப் பதிந்ததுமே பொருள் உங்கள் கைக்கு வந்ததாகக் கணக்கு. ஆகவே, "நம்பரை மட்டும் முன்னாடியே அனுப்பிடுங்க" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். முதலில் பொருளை ஓடவிட்டுப் பாருங்கள், அப்புறம் கோடு. போன் வாங்கினால், பழைய உரிமையாளரின் கணக்கு அதிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பேபால் என்ற பணம் அனுப்பும் சேவையில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' முறையில் அனுப்பினால் விலை குறைப்பேன் என்பவரிடம் வாங்காமல் இருப்பதே மேல். அந்த முறைக்குப் பாதுகாப்பு கிடையாது. பேரம், பொருளின் நிலை எல்லாவற்றையும் தளத்தின் மெசேஜிலேயே பேசுங்கள். தகராறு வந்தால் காட்ட அதுதான் இருக்கும்.