ஜெர்மனிக்குக் குடிபோகும் வேலூர்க்காரர்களுக்கு: முதல் இரண்டு மாத வேலைகள்

காட்பாடியில் பொறியியல் முடித்த மாணவர்களும் வேலூரில் செவிலியர் பயிற்சி பெற்றவர்களும் ஜெர்மனிக்குப் புறப்படும்போது, விசா கையில் வரும்வரை சொல்லிக் கொடுக்க ஏஜென்ட்டும் சீனியர்களும் இருக்கிறார்கள். போய் இறங்கிய பிறகு வங்கிக் கணக்கு தொடங்குவது, மருந்து வாங்குவது, குப்பை போடுவது போன்ற வேலைகளைத் தனியாகத்தான் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. குடியாத்தத்திலிருந்து போய் அங்கே சில ஆண்டுகள் குடும்பத்தோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த நாட்டில் முக்கியமான காரியங்களில் பாதிக்கு மேல் இன்றும் தபாலில் நடக்கின்றன. ஆகவே உங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் எந்தப் பெயர் ஒட்டியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே சரி.

நம் ஊரில் கோ. செந்தில் என்றால் செந்தில்தான் பெயர். கோ என்பது அப்பாவின் பெயருக்கு உரிய தலைப்பெழுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருப்பதால் அதில் கோவிந்தசாமி என்று விரித்து எழுதிவிடுகிறோம். ஜெர்மனியில் அந்தக் கட்டத்தில் உள்ளதுதான் உங்களை அழைக்கும் பெயர். அலுவலகக் கடிதங்கள் எல்லாம் 'திரு. கோவிந்தசாமி' என்றே வரும். அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவெண் கிடையாது என்பதால், தபால்காரர் தெருப் பெயரையும் கட்டட எண்ணையும் பார்த்து வந்து, பெட்டியில் உள்ள குடும்பப் பெயரைத் தேடுவார். அது இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். நான் முதல் மாதம் என் பெயரை மட்டும் எழுதி ஒட்டியிருந்தேன். வங்கி அட்டை ஒரு கடிதத்திலும் அதன் ரகசிய எண் இன்னொரு கடிதத்திலும் வந்து, இரண்டுமே திரும்பிப் போயின. சம்பளம் கணக்கில் ஏறிய பிறகும் மூன்று வாரம் கையில் காசில்லாமல் இருந்தேன்.

குடும்பத்தோடு போகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கணவரின் குடும்பப் பெயர் அவருடைய அப்பாவின் பெயராகவும், மனைவியின் குடும்பப் பெயர் அவருடைய அப்பாவின் பெயராகவும், குழந்தையின் குடும்பப் பெயர் கணவரின் பெயராகவும் இருப்பது நம்மிடையே வழக்கம். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் என்றால், அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் மூன்றையும் எழுத வேண்டும். மூவரும் ஒரே குடும்பம் என்று காட்டத் திருமணச் சான்றிதழும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் தேவைப்படும். அவற்றில் உள்ள எழுத்துக்கூட்டு பாஸ்போர்ட்டோடு ஒத்திருக்கிறதா என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். அங்கிருந்துகொண்டு நகராட்சி அலுவலகத்தில் ஓர் எழுத்தைத் திருத்துவது பெரும்பாடு.

நம் பக்கத்துக்காரர்களுக்கு மாவட்டப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்து, நம் பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. பிறகு அது வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகின. ஆகவே ஆம்பூரில் பிறந்த ஒருவருடைய ஆவணங்களில் மூன்று மாவட்டப் பெயர்கள் வரக்கூடும். பிறந்த இடம் எது என்று படிவத்தில் கேட்டால், பாஸ்போர்ட்டில் உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள். கேள்வி எழுந்தால் மாவட்டம் பிரிந்த ஆண்டைச் சொல்லி விளக்குங்கள்.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் 'பியூர்கராம்ட்' என்ற குடிமக்கள் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். இதை 'அன்மெல்டுங்' என்பார்கள். பாஸ்போர்ட்டோடு, நீங்கள் அங்கே குடியேறியதை உறுதி செய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவமும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பெரிய நகரங்களில் முன்பதிவு நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால், முகவரி உறுதியானதும் வேலூரில் இருக்கும்போதே இணையத்தில் நேரம் எடுத்துவிடுங்கள். பதிவு முடிந்ததும் தரும் தாளைப் பத்திரமாக வையுங்கள். வங்கி முதல் குழந்தையின் பள்ளி வரை அதைக் கேட்பார்கள். 11 இலக்க வரி எண் அடுத்த சில வாரங்களில் தபாலில் வரும். சம்பளம் தருகிறவருக்கு அது அவசியம்.

அதே பெட்டியில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்துக்கான கடிதமும் வரும். உங்களிடம் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். நண்பர்கள் சேர்ந்து குடியிருந்தால் ஒருவர் கட்டினால் போதும். மற்றவர்கள் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்ப வேண்டும். கடிதத்தைக் குப்பை என்று நினைத்து ஒதுக்கியவர்களுக்குப் பாக்கி சேர்ந்துகொண்டே போனதைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் உறையில் வரும் கடிதம் இன்னும் முக்கியமானது. தபால்காரர் அதைப் போட்ட தேதியை உறைமேலேயே எழுதுவார். பதில் சொல்வதற்கான கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். மொழி புரியாவிட்டாலும் அன்றே யாரிடமாவது காட்டிப் படித்துவிடுங்கள்.

கடைக்குப் போவதில் முதலில் பழக வேண்டியது ஞாயிற்றுக்கிழமை. அன்று பெரிய ரயில் நிலையங்களிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் உள்ள கடைகள் தவிர மற்றவை அநேகமாக மூடியிருக்கும். சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கி வைக்க வேண்டும். பையை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் தண்ணீர் பாட்டிலுக்கும் குளிர்பானத் தகர டப்பாவுக்கும் விலையோடு 25 சென்ட் சேர்த்து வாங்குவார்கள். காலியானதை நசுக்காமல் கொண்டு போய்க் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தக் காசு திரும்பக் கிடைக்கும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயின் சுவையை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் கறிவேப்பிலை, முருங்கைக்காய், சீரகச் சம்பா எல்லாம் இலங்கைத் தமிழர் கடைகளில் கிடைக்கும். அங்கே காய்கறியை மரக்கறி என்றும், எலுமிச்சையைத் தேசிக்காய் என்றும், வேர்க்கடலையைக் கச்சான் என்றும் சொல்வார்கள். அலுவலகக் கடிதம் புரியாதபோது எனக்கு முதலில் படித்துச் சொன்னவர் அப்படி ஒரு கடைக்கார அண்ணன்தான். அவசரம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், மரியாதையோடு கேளுங்கள்.

காய்ச்சல் மாத்திரைகூட மளிகைக் கடையில் கிடைக்காது; பாரசிட்டமால் 'அப்போதேக்க' என்னும் மருந்தகத்தில் மட்டுமே விற்கப்படும். ஆன்டிபயாட்டிக் மருந்து மருத்துவர் சீட்டில்லாமல் எங்குமே கிடைக்காது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள், சொந்த உபயோகத்துக்கென்று மூன்று மாத அளவு வரை எடுத்துச் செல்லலாம். மருந்தின் வேதிப்பெயர் எழுதிய ஆங்கிலச் சீட்டையும் வேலூர் மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. உயிருக்கு ஆபத்து என்றால் 112. மருத்துவர்களின் கிளினிக்குகள் மூடிய நேரத்தில் வந்த சாதாரண நோய்க்கு 116117.

பேருந்தில் நடத்துநர் வந்து சீட்டு தருவார் என்று காத்திருக்க முடியாது. சில நகரங்களில் சீட்டை வாங்கிய பிறகு சிறு இயந்திரத்தில் செருகி முத்திரையும் குத்த வேண்டும். குத்தாத சீட்டோடு பிடிபட்டால் காரணம் சொன்னாலும் 60 யூரோ அபராதம். தினமும் பயணம் செய்கிறவர்களுக்கு நாடு முழுவதும் உள்ளூர் வண்டிகளில் செல்லும் மாதச் சீட்டு நல்லது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய அதன் விலை 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும். கைபேசி ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கானது என்பதால், முதல் சில மாதங்களுக்கு ப்ரீபெய்ட் சிம் போதும் என்பது என் கருத்து.

குப்பையைக் காகிதம், சமையல் கழிவு, பொட்டலம் சுற்றிய பிளாஸ்டிக், மற்றவை எனப் பிரிக்க வேண்டும். கண்ணாடி பாட்டில்களைத் தெருவோரத் தொட்டிகளில் நிறவாரியாகப் போட வேண்டும். சத்தம் வரும் என்பதால் ஞாயிற்றுக்கிழமையிலும் இரவிலும் அதைச் செய்யக்கூடாது.

வீடு மாறினால் புதிய முகவரியை மறுபடியும் இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் புதிய வீட்டுக்குத் திருப்பிவிடும் சேவையை அஞ்சல் நிறுவனம் கட்டணத்துக்குத் தருகிறது. அதைக் குடும்பத்தில் உள்ள எல்லாப் பெயர்களுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்து, புதிய பெட்டியிலும் அந்தப் பெயர்களை ஒட்டிய பிறகே பழைய பெட்டியிலிருந்து பெயர்ச்சீட்டை எடுங்கள்.