கார்ப்பல் டன்னலுக்கு அல்ட்ராசவுண்ட்: எனக்குப் பலன் தந்த அளவு

கார்ப்பல் டன்னலுக்கு, அதாவது மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போகும் தொல்லைக்கு, அல்ட்ராசவுண்ட் ஒலி சிகிச்சை வைத்தும் விரல் மரமரப்பு குறையவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை நிமிடம் வைத்தார்கள் என்பதுதான். என் மணிக்கட்டுக்குப் பலன் தந்தது, 1998இல் வியன்னா மருத்துவர்கள் ஆய்வில் பயன்படுத்திய அளவு: 1 மெகாஹெர்ட்ஸ், சதுர செ.மீ.க்கு 1 வாட், ஒலியை விட்டுவிட்டுத் தரும் 1:4 பல்ஸ் முறை, தடவைக்கு 15 நிமிடம். முதல் 2 வாரம் வாரத்துக்கு 5 நாள், பிறகு 5 வாரம் வாரத்துக்கு 2 நாள். பாதியில் நிறுத்தாதீர்கள்.

உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டு மடங்காமல் இருக்கட்டும். ஜெல் தாராளமாக வேண்டும். இடையில் காற்று புகுந்தால் ஒலி உள்ளே இறங்காது, கருவியின் தலைதான் சூடாகும். மணிக்கட்டு ரேகையிலிருந்து உள்ளங்கையின் அடிவரை சின்னச் சின்ன வட்டமாக, நிறுத்தாமல் நகர்த்த வேண்டும். ஓரிடத்திலேயே நின்றால் எலும்பை ஒட்டி ஆழமாகச் சுள்ளென்று வலிக்கும், சிகிச்சை தருபவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். உணர்வு மங்கியவருக்கு அந்த வலி தெரியாது, அதனால் சூடு, குளிர் தெரிகிறதா என்று முன்பே சோதிப்பது கட்டாயம்.

இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளின்ட்டும் (தாங்கு பட்டை) போட்டுக்கொள்ளுங்கள். கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கியிருந்தால் இதில் நாளைக் கடத்தாமல் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.