வெட்டுக்கு முன்பும் பின்பும்: தற்காப்பு வழக்கைக் கெடுக்கும் கோபம்

வரப்புத் தகராறு. ஒருவன் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு வருகிறான், எதிரே நிற்பவன் கையில் அரிவாள். வெட்டு விழுந்துவிடுகிறது. கோர்ட்டில் வாதம் இதுதான்: "அவன்தான் முதலில் வந்தான், உயிருக்குப் பயந்து வெட்டினேன்." இந்த வாதம் தோற்றால், பெரும்பாலும் வெட்டு விழுந்த அந்த நொடியால் தோற்பதில்லை. அரை மணி நேரம் முன்பு வாயிலிருந்து வந்த வார்த்தையாலும், கீழே விழுந்தவன் மீது இறங்கிய மூன்றாவது வெட்டாலும் தோற்கும்.

கோபப்பட்டாலே தற்காப்பு உரிமை போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 34 முதல் 44 வரையான பிரிவுகள் இந்த உரிமையைச் சொல்கின்றன. பழைய ஐ.பி.சி.யில் இவை 96 முதல் 106 வரை. உடலுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழும்போது உரிமை பிறக்கிறது, அச்சம் நீங்கியதும் முடிகிறது என்கிறது பிரிவு 40. எதிராளியின் உயிர் போகும் அளவுக்கு அந்த உரிமை நீள வேண்டுமானால், மரணம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு போன்ற பிரிவு 38-ன் ஏழு வகைகளில் ஒன்றாக அந்தத் தாக்குதல் இருக்க வேண்டும். அச்சத்தோடு கோபமும் கலந்திருந்தால் பாதகமில்லை. அச்சம் இல்லாமல் கோபம் மட்டும் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால்தான் சிக்கல்.

இரண்டு பழைய வழக்குகளைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

1950 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் கட்னியில் கலவரம். அம்ஜத் கான் என்ற கடைக்காரரின் கடையை ஒட்டியிருந்த அவருடைய சகோதரரின் கடையைக் கூட்டம் சூறையாடிவிட்டு, இவர் கதவை லத்தியால் இடிக்க ஆரம்பித்தது. அவர் துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டார். ஒருவர் இறந்தார், மூவருக்குக் காயம். உச்ச நீதிமன்றம் 1952-ல் அவரை விடுவித்தது. கதவு உடைந்து கூட்டம் உள்ளே வரும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை, இதையெல்லாம் பொன் நிறுக்கும் தராசில் நிறுக்க முடியாது என்றது.

1959-ல் பம்பாயின் நானாவதி வழக்கு வேறு வகை. மனைவிக்கு ஆஹுஜா என்பவரோடு இருந்த தொடர்பைப் பகல் சாப்பாட்டு நேரத்தில் கேட்டறிந்த கடற்படை அதிகாரி நானாவதி, குடும்பத்தை சினிமா தியேட்டரில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய், பொய்க் காரணம் சொல்லி ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கி, மாலை 4.20 வாக்கில் ஆஹுஜாவின் படுக்கையறைக்குள் நுழைந்தார். துப்பாக்கிக்காக இருவரும் மல்லுக்கட்டியபோது தற்செயலாக வெடித்தது என்பது அவர் தரப்பு. ஆனால் குளித்துவிட்டு வந்த ஆஹுஜாவின் இடுப்பில் கட்டிய துண்டு அவிழாமல் அப்படியே இருந்தது. மல்லுக்கட்டு நடந்திருந்தால் துண்டு நின்றிருக்குமா? ஆத்திரமூட்டப்பட்டேன் என்ற மாற்று வாதமும் எடுபடவில்லை. சுமார் மூன்று மணி நேர இடைவெளி, மனம் ஆறுவதற்குப் போதுமானது என்றது உச்ச நீதிமன்றம். 1961 நவம்பர் 24 தீர்ப்பில் ஆயுள் தண்டனை உறுதியானது.

நம்மூர் வழக்குகளில் ரிவால்வருக்குப் பதில் அரிவாள். வாய்த்தகராறு முற்றி, "இருடா வர்றேன்" என்று வீட்டுக்குள் போய் ஆயுதத்தோடு திரும்புவதுதான் முதல் பெரிய தவறு. உள்ளே போன இரண்டு நிமிடத்தில் கதவைச் சாத்தித் தாழ்போட்டிருக்கலாம், 100-க்கோ 112-க்கோ அழைத்திருக்கலாம். தாக்கப்படும்போது ஓடித்தான் ஆக வேண்டும் என்று இந்தியச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் போலீஸ் பாதுகாப்பைத் தேட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை என்று பிரிவு 37 தெளிவாகச் சொல்கிறது. தப்பி உள்ளே போனவர் திரும்பி வந்தால், வந்தவர்தான் தாக்க வந்தவர் என்று கதை தலைகீழாகும். தாக்கத் தொடங்கியவருக்குப் பொதுவாகத் தற்காப்பு உரிமை கிடையாது. இரு தரப்பும் ஒருவரையொருவர் 'பார்த்துவிடுவோம்' என்று களத்தில் இறங்கினாலும் இரு தரப்புக்குமே கிடையாது.

அடுத்தது துரத்துவது. தாக்க வந்தவன் திரும்பி ஓடத் தொடங்கிய கணத்தில் அச்சம் முடிந்தது, உரிமையும் முடிந்தது. பஞ்சாபில் ஒரு நிலத் தகராறில் 1962-ல் தீர்ப்பான ஜெய் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. தொடக்கத்தில் உரிமை இருந்திருக்கலாம், எதிராளிகள் சிதறி ஓடிய பிறகு சுட்டதற்கு அந்த உரிமை துணை வராது என்றது. சாட்சி யாரும் வேண்டியதில்லை, போஸ்ட்மார்ட்டம் அறிக்கையே பேசும். வெட்டு முதுகில் இருக்கிறதா, பின்கழுத்தில் இருக்கிறதா, கீழே கிடந்தவன் மீது விழுந்ததா, இறந்தவரின் உள்ளங்கையிலும் முன்கையிலும் தடுத்த காயங்கள் இருக்கின்றனவா என்று அரசு வக்கீல் வரிவரியாகக் கேட்பார். முன்பக்கம் ஒரு வெட்டு என்றால் விளக்க முடியும். பின்கழுத்தில் நான்கு என்றால் எந்த வக்கீலும் திணறுவார்.

எல்லை மீறியது உண்மைதான், ஆனால் தற்காப்பில் மீறினேன் என்று சொல்லித் தப்பிக்கலாமே என்பார்கள். பி.என்.எஸ். 101-ன் இரண்டாவது விதிவிலக்கு அதற்குத்தான். அது பொருந்தினால் கொலை, கொலையாகாத மரணமாகிறது. பிரிவு 103-ன் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குப் பதில் பிரிவு 105 வரும். ஆனால் நிபந்தனையைப் பாருங்கள்: நல்லெண்ணம், முன்திட்டம் இல்லாமை, தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணம் இல்லாமை. வெறியில் வெட்டியவருக்கு மூன்றாவது நிபந்தனை கைகொடுக்காது. இந்தப் பின்கதவையும் கோபம் சாத்திவிடுகிறது.

ஆத்திரமூட்டலையும் தற்காப்பையும் ஒரே மூச்சில் சொல்வது இன்னொரு தவறு. முதலாவது, கோபத்தில் நிதானம் இழந்தேன் என்கிறது. இரண்டாவது, பயத்தில் காத்துக்கொண்டேன் என்கிறது. சட்டப்படி மாற்று வாதமாக வைக்கலாம். ஆனால் விசாரணையின்போது ஜாமீன் மனுவில் ஒன்று, சாட்சி விசாரணையில் இன்னொன்று என்று மாறினால் இரண்டுமே நம்பிக்கை இழக்கும். எது நடந்ததோ அதை முதலிலேயே வக்கீலிடம் முழுதாகச் சொல்வது நல்லது.

வார்த்தைகள் தனிக் கணக்கு. "உன்னை வெட்டாம விடமாட்டேன்" என்று இரண்டு வாரம் முன்பு அனுப்பிய வாட்ஸ்அப் ஆடியோ, நோக்கத்தையும் முன்னேற்பாட்டையும் காட்டும் சாட்சியமாக பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 6-ன் கீழ் வரும், பிரிவு 63-ன் சான்றிதழோடு. வெட்டிய பிறகு தெருவில் நின்று கத்தியதும் அப்படியே. மாறாக, மிரட்டல் வந்த அன்றே ஸ்டேஷனில் மனு கொடுத்து வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீது பயத்துக்கான எழுத்துபூர்வ அடையாளம். கோபக்காரர்கள் இந்தக் காகிதத்தைக் கேவலமாக நினைப்பார்கள். வழக்கு நடக்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

காயத்தோடு தப்பியவர்கள் தவறவிடுவது அரசு மருத்துவமனை. அங்கே போடும் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) யார், எத்தனை பேர், எந்த ஆயுதம், எங்கே, எத்தனை மணிக்கு என்று டாக்டர் எழுதுவார். "தெரிந்த 3 பேர் அரிவாளால் வெட்டினார்கள்" என்ற அந்த ஒரு வரி, ஆறு மாதம் கழித்து வரும் சாட்சியை விடக் கனமாக நிற்கலாம். கோபத்தில் "ஒன்றுமில்லை, கீழே விழுந்துவிட்டேன், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டால், பின்னால் யாரைக் குற்றம் சொன்னாலும் அந்த வரி எதிரே வந்து நிற்கும். எதிராளி கொடுத்த புகாரில் உங்கள் காயமே இல்லை என்றால் தனியாகப் புகார் கொடுங்கள். கேஸும் கவுண்டர் கேஸுமாக இரண்டையும் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்பது நடைமுறை.

கடைசிச் சறுக்கல் கோர்ட்டுக்குள். அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி நேரடியாகக் கேட்கும் கேள்விகள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 313, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) 351. அதில் எல்லாவற்றுக்கும் "பொய்" என்றே பதில் சொல்லிவிட்டு வருகிறார்கள். தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் மீதுதான். ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அந்தக் கேள்வியில் "அவர் மண்வெட்டியை என் தலைக்கு ஓங்கினார், நான் ஒரு முறை தடுத்து வெட்டினேன், அதற்குமேல் செய்யவில்லை" என்று சொல்லவும் ஏ.ஆர். காப்பியைக் காட்டவும் வாய்ப்பு இருக்கிறது. நான் சம்பவ இடத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டு, பிறகு தற்காப்பு என்று வாதாட வந்தால் நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார்.