வோல்டர் பெக்கருக்கு ஒரு மாலை: வெள்ளவத்தை ஃபிளாட்டில் நடத்துவது எப்படி

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டீலி டான் என்ற அமெரிக்க ஜாஸ்-ரொக் குழுவில் பாதி டொனால்ட் ஃபேகன், மற்றப் பாதி வோல்டர் பெக்கர். பாடும் குரல் ஃபேகனுடையது என்பதால் வருகிறவர்களில் பலர் அவரை நினைத்துக்கொண்டுதான் வருவார்கள். பெக்கர் 1950இல் நியூயோர்க்கின் குயீன்ஸில் பிறந்தார். 2017 செப்டம்பர் 3ஆம் திகதி, 67 வயதில் காலமானார். ஃபேகனோடு சேர்ந்து பாட்டுகளை எழுதினார். பேஸும் (பாட்டின் அடியில் ஓடும் கனத்த சுரங்களை வாசிக்கும் கிற்றார்), சாதாரண கிற்றாரும் வாசித்தார். நினைவு மாலை என்றால் அந்த வாசிப்பைக் கேட்க வைப்பதுதான் வேலை. பேச்சு வேண்டாம். எங்கள் ஆட்கள் கையில் மைக் கிடைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கொழும்பில் என் வயதுக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். காரணம் ரெக்கோடிங் பார், அதாவது கசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை. 1977 செப்டம்பரில் ஸ்டீலி டானின் 'ஏஜா' அல்பம் வெளிவந்தபோது இங்கே இறக்குமதி பூட்டித்தான் கிடந்தது. அந்த வருடக் கடைசியில்தான் கதவு திறந்தது. அப்புறம் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த எல்பியை ரெக்கோடிங் பார்க்காரர் சி-90 கசட்டில் ஏற்றித் தருவார். முழு அல்பமும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும், மறுபக்கத்தில் அவர் விருப்பத்துக்கு பொனி எம். அட்டையில் பாட்டுப் பெயர்கள் மட்டும் நீலப் பேனாவில் இருக்கும். யார் எதை வாசித்தார் என்ற விவரம் எல்பி உறையோடு நின்றுவிட்டது. ஆகவே பெக்கரின் வாசிப்பு எங்களுக்கு மனப்பாடம், அது பெக்கர் என்பது மட்டும் தெரியாது.

அதனால் மாலைக்கு முக்கியமான சாமான் ஒரு தாள். ஒருவர் இறந்து 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்று நினைவுப் புத்தகம் அடிப்போம் அல்லவா, அதுமாதிரி. வம்சாவளியும் வெண்பாவும் வேண்டாம், ஏ4 ஒரு பக்கம் போதும். பாட்டு, வருடம், அதில் பெக்கர் என்ன வாசிக்கிறார், அவ்வளவுதான். காலி வீதியில் எந்த ஃபோட்டோகொப்பிக் கடையிலும் எடுக்கலாம். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், வருகிறவர்கள் எல்லாரும் கண்ணாடிக்காரர்கள்.

என் தாள் 1974இல் தொடங்குகிறது: 'ப்ரெட்சல் லொஜிக்'. பேஸ்காரராக வந்தவர் முன்னுக்கு வந்து கிற்றார் சோலோ (தனி வாசிப்பு) வாசிக்கிறார், சுத்தமான ப்ளூஸ். அடுத்து 1975இன் 'பேட் ஸ்னீக்கர்ஸ்'. அதிலும் சோலோ அவருடையது. தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, அவசரமே இல்லாமல் வாசிப்பார். பிறகு வேண்டுமென்றே 1976இன் 'கிட் ஷார்லமேன்'. இதில் சோலோ லாரி கார்ல்டன். இதைப் போடுவதற்குக் காரணம் உண்டு: தானே வாசிக்கக்கூடிய இடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதும் பெக்கரின் வேலைதான். 1974க்குப் பிறகு குழு மேடையை விட்டு ஸ்டூடியோவுக்குள் போய்விட்டது. பெக்கரும் ஃபேகனும் பாட்டுக்குப் பாட்டு ஆள் பிடித்தார்கள். 'ஏஜா'வில் உள்ள 'பெக்' பாட்டின் சோலோவுக்குப் பல கிற்றார்காரர்களை வாசிக்கவிட்டு, கடைசியில் ஜே கிரேடனுடையதை வைத்துக்கொண்ட கதை பிரசித்தம்.

அடுத்ததுதான் மாலையின் நடுப்பகுதி, இதற்கு நேரம் ஒதுக்குங்கள். 'ஏஜா' அல்பத்தில் பெரும்பாலான பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர் சக் ரேனி. 'டீக்கன் ப்ளூஸ்' மட்டும் பெக்கர். ஏழரை நிமிடப் பாட்டு அது. முதல் தடவை சும்மா போடுங்கள், எல்லாரும் குரலுக்கும் பீட் கிறிஸ்லீபின் சக்ஸபோனுக்கும் பின்னால் போவார்கள். இரண்டாம் தடவை பேஸை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். இளையராஜா பாட்டில் பேஸ் கேட்டுப் பழகியவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். உண்மையில் ரொக் மட்டும் கேட்டு வந்தவர்களைவிட அவர்கள்தான் கெட்டிக்காரர்கள். அதே அல்பத்திலிருந்து 'ஹோம் அட் லாஸ்ட்', 'ஜோஸி' இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோலோ இரண்டிலும் பெக்கர். 'ஜோஸி' சோலோவின் கோணல் அழகு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

கடைசியாக அவருடைய சொந்தக் குரல். 1994இல் ஒரு தனி அல்பம், 2008இல் 'சேர்கஸ் மணி'. இரண்டாவதில் ஜமெய்க்காவின் ரெகே நடை, பேஸும் அவரே. குரல் கரகரப்பு, சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

இனி வீடு. ஃபோனோடு வரும் சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, பிறகு இந்த மாலைக்கே அர்த்தமில்லை. யாரிடமாவது பழைய அம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கரும் இருக்கும், இரவல் வாங்குங்கள். ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் தள்ள வேண்டாம், பேஸ் குழம்பிவிடும். கடற்கரைப் பக்க ஜன்னல்களை மூடுங்கள், இல்லாவிட்டால் அலையும் ரயிலும் சேர்ந்து வாசிக்கும். மூடினால் வேர்க்கும், ஃபேனை ஒன்றில் வையுங்கள். நாள் செப்டம்பர் 3க்குக் கிட்ட வரும் ஞாயிறாக இருக்கட்டும். அலுவலக ரயில் தொல்லை இல்லை. அன்று போயா (பௌர்ணமி விடுமுறை) விழுகிறதா என்று கலண்டரைப் பாருங்கள், சில நண்பர்களுக்கு அது முக்கியம், மதுக்கடை பூட்டு. பாட்டுகளை முதல்நாளே இறக்கி வையுங்கள். சோலோவின் நடுவில் விளம்பரம் வந்தால் நான் பொறுப்பில்லை.

மேல்மாடிக்காரருக்கு முன்கூட்டியே சொல்வது மரியாதை. எங்கள் மேல்வீட்டு அன்ரியிடம் போய் ஞாயிறு பின்னேரம் ஒருவருடைய நினைவுக்காகக் கொஞ்சம் பாட்டுப் போடுவோம் என்றேன்.

"ஆற்ற திவசம் தம்பி?"

"ஒரு அமெரிக்கக்காரர், அன்ரி. கிற்றார் வாசிக்கிறவர்."

"அப்ப ஐயர் வரேல்லையோ?"

வரவில்லை. ஆனால் அன்ரி வடை சுட்டு அனுப்பினார்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே விதி: பாட்டு ஓடும்போது மிக்சர், முறுக்கு கிடையாது. பற்றிஸ், கட்லட், ரோல்ஸ், வடை எல்லாம் சத்தமில்லாமல் சாப்பிடலாம். பிளேன்ரீயை இடைவேளையில் கொடுங்கள்.

எட்டுப் பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள், கூடினால் கதை தொடங்கிவிடும். கதை வேண்டுமென்றால் பெக்கரையே பேச விடலாம்: பிற்காலக் கச்சேரிகளில் 'ஹே நைன்டீன்' நடுவில் குழு வாசித்துக்கொண்டே இருக்க, அவர் பாட்டுக்கு நீளமாகக் கதை விடுவார். அதில் ஒரு பதிவைத் தேடிப் போடுங்கள். சிரிப்பு உறுதி, தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொடுக்கட்டும்.

எல்லாம் முடியும் நேரத்தில் ஒருவர் கட்டாயம் 'ரீலிங் இன் த இயர்ஸ்' கேட்பார். மறுக்காதீர்கள். 1972ஆம் வருடப் பாட்டு, எல்லாருக்கும் தெரிந்த அந்தச் சோலோ எலியட் ராண்டலுடையது. அடியில் ஓடும் பேஸ் பெக்கர். தாளில் அதையும் கடைசி வரியாகச் சேர்த்துவிடுங்கள், கேட்கப்போவது நிச்சயம்.